பகடையும் ஸ்ப்ரெட்ஷீட்டும்: ஆபரேஷன்ஸ் வகுப்புக்கு ஒரு லைன் விளையாட்டு

ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் கற்பிக்க சிமுலேஷன் என்றதும் பலரும் பீர் கேமைத்தான் (ஆலை முதல் கடை வரை ஆர்டர் போட்டு ஆடும் சப்ளை செயின் விளையாட்டு) சொல்வார்கள். எம்ஐடியில் ஜே ஃபாரெஸ்டரின் குழு உருவாக்கியது, அருமையான விளையாட்டுதான். ஆனால் முதல் வகுப்புக்கு அது பெரிது. ஆர்டர் தாமதம், சரக்குத் தாமதம் இரண்டையும் புரியவைப்பதற்குள் மணி அடித்துவிடும். என் தேர்வு பகடை விளையாட்டு.

விதி எளிது. உற்பத்தி லைன் ஒன்றில் வரிசையாக 5 நிலையங்கள், 20 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் எல்லா நிலையமும் பகடை உருட்டும். விழுந்த எண் அந்தச் சுற்றின் திறன், அதாவது அதிகபட்சம் அனுப்பக்கூடிய உருப்படிகள். கையில் சரக்கு குறைவாக இருந்தால் இருப்பதை மட்டுமே அடுத்தவருக்குத் தள்ள முடியும். முதல் நிலையத்துக்கு மூலப்பொருள் குறையவே குறையாது. மற்ற நான்கின் முன்னாலும் தொடக்கத்தில் 4 உருப்படிகள்.

படி 1: ஊகத்தை முதலில் வாங்குங்கள். பகடையின் சராசரி 3.5, சுற்று 20, லைனிலிருந்து எத்தனை வெளியே வரும்? வகுப்பில் பெரும்பாலும் 70 என்பார்கள். அதை ஷீட்டின் மேல் செல்லில் அவர்கள் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். இதைத் தவிர்த்தால் விளையாட்டில் பாதி சுவை போய்விடும்.

படி 2: பகடைக்குத் தனி ஷீட். 20 வரி, 5 நெடுவரிசை, எல்லா செல்லிலும் ரேண்ட்பிட்வீன்(1,6) (RANDBETWEEN, 1 முதல் 6 வரை ஏதோ ஒரு எண் தரும் எக்செல் ஃபங்க்ஷன்).

வகுப்பே சிக்கிக்கொள்வது இங்கேதான். இந்த ஃபங்க்ஷன் ஒருமுறை உருட்டிவிட்டு ஓய்வதில்லை. ஷீட்டில் எங்கே எதை அடித்தாலும் எல்லாப் பகடையும் மறுபடி உருளும். மூன்றாவது நிலையத்தில் ஏன் 9 தேங்கியது என்று பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒரு மூலையில் தன் பெயரை அடிப்பார். அந்த 9 மாயமாகிவிடும். அதனால் உருட்டியதும் மொத்தத்தையும் காப்பி செய்து, அதே இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள் (கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி, பழைய எக்செலில் பேஸ்ட் ஸ்பெஷல், வேல்யூஸ்). ஒட்டுவதற்கு முன் ஃபைலை இன்னொரு பெயரில் சேமித்துவிடுங்கள். உருண்டுகொண்டே இருக்கும் அந்தப் பிரதி படி 5க்கு வேண்டும்.

படி 3: இரண்டே சூத்திரம். ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு நெடுவரிசை. இதில் மின் என்பது MIN ஃபங்க்ஷன், இரண்டில் சிறியதைத் தரும்.

அனுப்பியது = மின்(பகடை, போன சுற்றின் மிச்சம் + இந்தச் சுற்றில் வந்தது)
மிச்சம் = போன சுற்றின் மிச்சம் + வந்தது − அனுப்பியது

மின்னுக்குள் இதே வரியின் மிச்சத்தைக் காட்டிவிட்டால் சர்க்குலர் ரெஃபரன்ஸ் (சூத்திரம் சுற்றிவந்து தன்னையே கேட்கிறது) என்று எக்செல் கத்தும். மேல் வரியைத்தான் காட்ட வேண்டும். முதல் நிலையத்துக்கு மின் வேண்டாம், விழுந்ததை அப்படியே அனுப்பும்.

சரிபார்க்க ஒரு செல் வையுங்கள்: 16 (தொடக்கத்தில் வைத்த 4 × 4) + முதல் நிலையம் அனுப்பிய மொத்தம் − கடைசி நிலையம் அனுப்பிய மொத்தம். இது லைனில் இப்போது தேங்கியிருக்கும் மிச்சங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வரவேண்டும். வராவிட்டால் சூத்திரத்தை இழுக்கும்போது ஏதோ நழுவியிருக்கிறது.

படி 4: நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். நிறைவு செய்த டெம்ப்ளேட்டைக் கையில் கொடுக்காதீர்கள். முதல் சில சுற்றுகளை அவர்களே மனக்கணக்காகப் போடட்டும். முதல் நிலையத்தில் 2 விழுகிறது; இரண்டாவதிடம் 4 + 2 = 6. அதற்கும் 6 விழ, எல்லாம் போய்விடும். மூன்றாவதிடம் 10 சேர்ந்தும் பகடையில் 1, ஆக 9 தேக்கம். அடுத்த சுற்றில் முதல் நிலையத்துக்கு 1. இரண்டாவதுக்கு 5 விழுந்தும் அனுப்ப முடிவது 1தான். அந்த 4 உருப்படித் திறன் போனது போனதுதான், பிறகு எவ்வளவு உருட்டினாலும் திரும்பாது. இதைப் பிடித்துவிட்டால் 70 ஏன் வரவில்லை என்று நீங்கள் விளக்கவே வேண்டாம்.

படி 5: நூற்றுக்கணக்கில் ஓட்டுங்கள். ஒரே ஆட்டத்தை வைத்து "அதிர்ஷ்டம் சரியில்லை" என்பார்கள். உருளும் பிரதியைத் திறந்து, 1 முதல் 500 வரை ஒரு நெடுவரிசை, 1க்கு ஒரு வரி மேலே, வலப்பக்க நெடுவரிசையின் செல்லில் மொத்த வெளியீடு. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து டேட்டா, வாட்-இஃப் அனாலிசிஸ், டேட்டா டேபிள் (ஒரே கணக்கை வரிக்கு ஒருமுறை மறுபடி ஓட்டும் வசதி). காலம் இன்புட் செல் என்று கேட்கும் இடத்தில் எந்த வெற்று செல்லையும் காட்டலாம். ஒவ்வொரு வரியும் ஒரு முழு ஆட்டம். சராசரி எடுத்தால் 70ஐ எட்டாது.

இப்போது ரேண்ட்பிட்வீனை (3,4) ஆக்குங்கள். சராசரி அதே 3.5. வெளியீடோ 70ஐ ஒட்டி வந்து நிற்கும். லைனைக் கெடுத்தது ஏற்ற இறக்கம்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்குத் தெரிந்து வழி இல்லை.

நேரம் மிஞ்சினால் லிட்டில் விதி (ஜான் லிட்டில், 1961), அதாவது தேக்கத்தை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் கடக்கும் நேரம்: லைனில் சராசரியாக 24 தேங்கி, சுற்றுக்கு 3 வெளியேறினால், ஒரு உருப்படி கடக்க 8 சுற்று ஆகும்.

கருத்துகளைப் பார்த்துச் சேர்த்தவை

கூகுள் ஷீட்ஸில் டேட்டா டேபிள் இல்லையே என்று கேட்டிருந்தார்கள். ஆமாம், இல்லை. படி 4 வரை அதில் தாராளமாகச் செய்யலாம். பலர் ஒரே ஷீட்டில் அடிக்க அதுதான் வசதி. படி 5க்கு எக்செல், இலவசமாக வேண்டுமென்றால் லிப்ரே ஆபிஸ் கால்க். அதில் இதன் பெயர் மல்டிபிள் ஆபரேஷன்ஸ்.

சூத்திரம் பிழை காட்டுகிறது என்றவர்களுக்கு: கணினி பிரெஞ்சு, ஜெர்மன் அமைப்பில் இருந்தால் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. எக்செலே அந்த மொழியில் இருந்தால் ஃபங்க்ஷன் பெயரும் வேறு.

டேட்டா டேபிள் போட்டபின் ஷீட் நகர மறுத்தால், ஃபார்முலாஸ் பகுதியில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் போய் டேட்டா டேபிளை மட்டும் தானியங்கிக் கணக்கிலிருந்து விலக்குங்கள். வேண்டும்போது எஃப்9 விசையை அழுத்தினால் மறுபடி கணக்கிடும்.