கறிவேப்பிலைப் புழுவைத் துரத்தாதீர்கள், குழந்தையோடு வளர்த்துப் பாருங்கள்

தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சைச் செடியோ இருந்தால் போதும். மூன்று வயதுக்கு மேற்பட்ட எந்தக் குழந்தையோடும் இதைச் செய்யலாம். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பெரியவர்களுக்கு இதில் ஒரே ஒரு கடினமான வேலைதான்: பதிலை முந்திக்கொண்டு சொல்லாமல் இருப்பது.

1. முட்டையைத் தேடுங்கள்

வெயில் ஏறிய பிறகு செடியருகே உட்காருங்கள். ஒரு பட்டாம்பூச்சி கொழுந்துக்குக் கொழுந்து தாவி, முன்கால்களால் இலையைத் தட்டிப் பார்த்தால் அது முட்டையிட வந்த தாய். அதற்குக் கால்களிலும் சுவை தெரியும். சரியான இலையா என்று அப்படித்தான் கண்டுபிடிக்கிறது. அது போன பிறகு இளந்தளிர்களைப் புரட்டிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று தனியாக ஒட்டியிருக்கும். குழந்தையின் கண்ணுக்கு உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்!

முட்டை கிடைக்காவிட்டால், இலைமேல் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் சின்னப் புழு. பறவைகள் தன்னைத் தின்றுவிடாமல் இருக்க அதற்கு அந்த வேஷம். இதை உடனே சொல்லிவிடாதீர்கள். “இது எச்சமா, புழுவா? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

2. வீடு தயார் செய்யுங்கள்

அகலவாய் பாட்டில் ஒன்று, மூட மெல்லிய துணி, ஒரு ரப்பர் பேண்ட். புழு இருக்கும் கொத்தை அப்படியே கிள்ளி, தண்ணீர் ஊற்றிய சின்னக் குப்பியில் செருகி, அதைப் பாட்டிலுக்குள் வையுங்கள். குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் புழு தண்ணீரில் விழுந்துவிடும். பாட்டில் நேர்வெயிலில் இருக்கக் கூடாது.

கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். மருந்தடித்த இலையாக இருந்தால், எத்தனை முறை கழுவினாலும் புழு செத்துப்போகலாம்.

3. தினமும் பாருங்கள்

காலையில் புழுக்கையைக் கொட்டி, புது இலை வைக்க வேண்டும். இந்த வேலையைக் குழந்தையிடமே கொடுங்கள். புழுக்கை நாளுக்கு நாள் பெரிதாவதை அதுவே கவனித்துச் சொல்லும். புழுவைக் கையில் எடுக்க வேண்டாம். இலையோடு நகர்த்தினால் போதும். முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

சில நாள் புழு அசையாமல் கிடக்கும். “அம்மா, இது ஏன் சாப்பிட மாட்டேங்குது?” என்ற கேள்வி வரும். தோலுரிக்கப் போகிறது என்று நமக்குத் தெரியும். இருந்தாலும், “உனக்கு என்ன தோணுது?” என்று திருப்பிக் கேளுங்கள். தூங்குது, கோபம், காய்ச்சல், எதைச் சொன்னாலும் சரி, “நாளைக்குப் பார்க்கலாம்” என்று விடுங்கள். மறுநாள் உரித்த தோலைத் தானே பார்க்கும் குழந்தை அதை மறக்காது. ஆனால் சீக்கிரம் போய்ப் பாருங்கள், பல சமயம் புழு அந்தத் தோலையும் தின்றுவிடும்.

கடைசியாகத் தோலுரித்ததும் புழு பச்சையாகிவிடும். அப்போது லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு கொம்பு நீளும், ஒரு நெடியும் வரும். எதிரியை விரட்டும் வித்தை அது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்டவிடாதீர்கள்.

4. கூட்டுப்புழு

ஒருநாள் புழு ஈரமாகக் கழிந்துவிட்டு, பாட்டில் முழுக்க அலையும். உடனே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். அது இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். பிறகு கூட்டுப்புழுவாகிவிடும். கூடு பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். தொடாதீர்கள். ஒன்று முதல் இரண்டு வாரம் எதுவும் நடக்காததுபோலத் தோன்றும். சின்னக் குழந்தைகளுக்கு இதுதான் கஷ்டமான கட்டம். தினமும் ஒரு படம் வரையச் சொன்னால் பொறுமை தங்கும்.

5. வெளிவரும் நாள்

கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் கோலம் தெரிந்தால், மறுநாள் காலை சீக்கிரம் எழுந்துவிடுங்கள். சுருங்கிய இறக்கையோடு வெளிவந்து, தொங்கியபடியே விரித்துக் காயவைக்கும். சில சமயம் சிவப்பாகச் சில துளி நீர் சொட்டும். குழந்தை ரத்தம் என்று பயந்துவிடும், கூட்டுக்குள் சேர்ந்த கழிவுதான் என்று சொல்லுங்கள். இதற்கு மட்டும் பதிலைத் தாமதிக்க வேண்டாம். இறக்கை நன்றாகக் காயச் சில மணி நேரம் ஆகும். அப்புறம் பாட்டிலைச் செடியருகே திறந்து வையுங்கள். மழை பெய்தால் நின்றபின் விடலாம்.

எல்லாப் புழுவும் பட்டாம்பூச்சி ஆகாது. சிலவற்றுக்குள் ஏற்கெனவே மிகச் சிறிய குளவி ஒன்று முட்டையிட்டிருக்கும். கூட்டிலிருந்து குளவிதான் வரும். அப்படி நடந்தால் மறைக்காதீர்கள். குழந்தை அழுதால் அழட்டும். “குளவிக்கும் குட்டி உண்டா?” என்று கேட்டால், அதையும் சேர்ந்து தேடிப் பாருங்கள்.

அடுத்து எருக்கஞ்செடியில் இருக்கும் வரிப்புழுவையும் வளர்க்கத் தோன்றும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை அதைச் செடியிலேயே வைத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் முடியுள்ள கம்பளிப்பூச்சி எந்த வயதிலும் வேண்டாம்.