கத்துகிற மேனேஜரிடம் வேலை பார்ப்பது எப்படி

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராக, அதாவது பையர் (வாங்குகிற கம்பெனி) தரும் ஆர்டரைச் சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்பவராக, இருப்பவள் நான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் லேப் டிப் (கலர் சரியா என்று பார்க்கச் சாயம் போடும் சின்னத் துணி மாதிரி) பற்றிக் கேட்பதைவிட, "அக்கா, மேனேஜர் கத்துனா கை நடுங்குது, என்ன பண்றது?" என்று கேட்பதுதான் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, அவர் எப்போது கத்துகிறார் என்று கவனிப்பது. எங்கள் ஊரில் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம். வெள்ளிக்கிழமையே பணம் புரட்டும் ஓட்டம் ஆரம்பித்துவிடும். அந்த நேரம் பார்த்து லேபிள், ஜிப் பில்லுக்குக் கையெழுத்து கேட்டால் எரிந்துதான் விழுவார். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நாளும் அப்படித்தான். 5,000 பீஸ் லாட்டில் (ஒரு தொகுப்பில்) வழக்கமாக 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவுகோல்) 2.5 என்றால் மேஜர் குறை, அதாவது பெரிய குறை, 10 வரை பாஸ், 11 ஆனால் மொத்த லாட்டும் ஃபெயில். மறுபடி முழுசாகச் செக்கிங் போட வேண்டும். அதற்குள் தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டியதுதான். தாமதம் நம் பக்கம் என்றால் அந்தச் செலவும் நம் கம்பெனி தலையில் விழும், ஆர்டரின் லாபம் அதிலேயே கரையும். முதலாளி முன்னால் நின்று அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இந்த மேனேஜர்தான்.

இதைத் தெரிந்துகொண்டால் அவர் கத்துவது சரியாகிவிடாது. ஆனால் எதற்குப் பயப்படுகிறார் என்பது பிடிபடும். அந்தப் பயத்துக்குப் பதில் கொண்டுபோகிறவர்கள் மேல் அவர் கோபம் அதிக நேரம் நிற்பதில்லை, நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் உணர்வுசார் அறிவை விளக்கியதும் ஏறக்குறைய இப்படித்தான்: தன் உணர்ச்சியையும் அடுத்தவர் உணர்ச்சியையும் கண்டுகொண்டு, வேறுபடுத்திப் பார்த்து, அதை வைத்து யோசிப்பது, நடப்பது.

அடுத்தது, திட்டு வாங்கும் அந்த ஒரு நிமிஷம். நோட்டும் பேனாவும் இல்லாமல் அவர் கேபினுக்குள் போகாதீர்கள். குரல் ஏறியதும், "சார், எழுதிக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சொல்வதில் வேலை சம்பந்தப்பட்டதை மட்டும் எழுதுங்கள். ஸ்டைல் நம்பர், கலர், தேதி. எழுதுகிறவரைப் பார்த்தால் பேசுகிறவர் வேகம் தானாகக் குறையும், உங்கள் கண்ணுக்கும் தங்க ஓர் இடம் கிடைக்கும். மனசுக்குள், "இப்ப எனக்கு அவமானமா இருக்கு" அல்லது "பயமா இருக்கு" என்று அந்த உணர்ச்சிக்குப் பேர் வையுங்கள். உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் வேகம் தணிவதை லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள்.

இனி பதில். சாயப் பட்டறையிலிருந்து (டையிங்) நேவி கலரில் இரண்டாவது லாட் துணி ஷேட் மாறி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "டையிங்ல லேட் பண்ணிட்டாங்க சார்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு அவர் முதலாளியிடம் என்ன சொல்ல முடியும்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், நேவி ரெண்டாவது லாட் கொஞ்சம் சிவப்படிக்குதுங்க. டையிங்ல பேசிட்டேன், மறுபடி போட்டு நாளைக்குக் காலைல 11 மணிக்குத் தர்றாங்க. அதுவரைக்கும் முதல் லாட்டைக் கட்டிங் போடச் சொல்லட்டுங்களா?" என்ன நிலவரம், எப்போது சரியாகும், அவர் என்ன முடிவு சொல்ல வேண்டும், மூன்றும் இதில் இருக்கிறது. பெரும்பாலும் "சரி, போடச் சொல்லு" என்பதோடு முடியும்.

கெட்ட செய்தியை அவர் கண்டுபிடிக்கும்வரை வைத்திருக்கவே கூடாது. காலையில் அவர் பையர் மெயிலைத் திறப்பதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், அது அவருடைய ராத்திரியையும் கெடுக்கும், மறுநாள் உங்கள் காலையையும் கெடுக்கும்.

அழுகை வந்தால் பாத்ரூம் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் வாங்கிய திட்டை அப்படியே கொண்டுபோய் செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காக்கள் மேல் கொட்டாதீர்கள். காலையிலிருந்து நின்றுகொண்டே பீஸ் பார்ப்பவர்கள் அவர்கள். ஆபீசில் பிறந்த கோபம் படிப்படியாக இறங்கிக் கடைசியில் நூல் வெட்டும் பெண் தலையில் போய் விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். உங்களோடு அது நிற்கட்டும்.

ஷிப்மென்ட் போன மறுநாள் அவர் கொஞ்சம் லேசாக இருப்பார். மனசில் இருப்பதைப் பேச அதுதான் நேரம். "என்னை ஏன் திட்டறீங்க" என்று ஆரம்பிக்காமல், "சார், தப்பிருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, உடனே சரி பண்ணிடறேன். லைன்ல எல்லார் முன்னாடியும் சொன்னா அப்புறம் டெய்லர்ங்க என் பேச்சைக் கேக்கறதில்லை, புரொடக்‌ஷன் அடிவாங்குது" என்று சொல்லுங்கள். புரொடக்‌ஷன் அடிவாங்கினால் அது அவருக்கும் நஷ்டம் என்பதால் காது கொடுப்பார்.

வாயால் சொல்லிவிட்டு அப்புறம் "நான் எப்பச் சொன்னேன்" என்கிற மேனேஜர்களுக்கு ஒரே மருந்து மெயில். "நீங்கள் சொன்னபடி பிரின்டை மாற்றச் சொல்லிவிட்டேன்" என்று அன்றைக்கே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இவ்வளவும் கோபக்கார மேனேஜருக்கு. உடம்பைப் பற்றிப் பேசுகிறவர், தொடுகிறவர், ராத்திரியில் வேண்டாத மெசேஜ் அனுப்புகிறவர் ஆகியோரிடம் புரிதலும் பொறுமையும் காட்டவே வேண்டாம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரே முதலாளி மேல் என்றாலோ, 10 பேருக்கும் குறைவான இடம் என்றாலோ மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று குறித்துவையுங்கள், மெசேஜை அழிக்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

தூக்கம் போய், காலையில் கம்பெனி வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது என்றால் 14416இல் டெலி மனாஸுக்கு (அரசின் மனநல உதவி எண்) பேசுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எல்லாம் செய்தும் மாற்றமே இல்லையென்றால் வேறு கம்பெனி பாருங்கள், வேலை தெரிந்த மெர்ச்சன்டைசருக்கு இந்த ஊரில் இடம் கிடைக்கும். ஆனால் கோபத்தில் பாதியில் எழுந்து வராதீர்கள். நோட்டீஸ் கொடுத்து, ஃபைலை ஒப்படைத்து, ரிலீவிங் லெட்டரையும் பி.எஃப். கணக்குக்கான யூஏஎன் நம்பரையும் (கம்பெனி மாறினாலும் மாறாத எண்) கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.