புதுச்சேரியை ஒரே நாளில் நடந்தே பார்க்க

பழைய புதுச்சேரியைச் சுற்ற வண்டி வேண்டாம், கால் போதும். நேரக்கணக்கு தவறினால்தான் சிக்கல்: கோயிலும் ஆசிரமமும் நண்பகலில் மூடிவிடும், அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு வந்தால் கூட்டத்தில் ஒரு வீட்டைக்கூட நின்று பார்க்க முடியாது. செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துவிட்டு, காலை 6 மணிக்கே கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுங்கள். மாலை 6 முதல் மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகள் ஓடாது. காந்தி சிலை, 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவிடம் மூன்றும் அருகருகே இருக்கின்றன. பாறை கொட்டிய இடங்களில் கடலில் இறங்காதீர்கள், பாசி வழுக்கும்.

8 மணிக்கு அரவிந்தர் ஆசிரமம் திறக்கும். கைப்பேசியை அணைத்துவிட வேண்டும், பேச்சு கூடாது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கைக்குழந்தையோடு வருபவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராகப் போய்வரலாம். அடுத்து, பக்கத்திலேயே மணக்குள விநாயகர் கோயில். யானை லட்சுமியைப் பார்க்கலாம் என்று குழந்தைகளிடம் சொல்லி அழைத்து வராதீர்கள். அது 2022 நவம்பரில் இறந்துவிட்டது.

தெற்கே நடந்தால் பாரதி பூங்கா, அதன் நடுவில் ஆயி மண்டபம். பூங்காவை ஒட்டியுள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊருக்கு அருகே உள்ள பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் பானை ஓடுகளும் இங்கேதான் இருக்கின்றன. அரிக்கமேட்டுக்கே போக வேண்டுமா என்று பலர் யோசிப்பார்கள். 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. ஒரு நாள் பயணத்தில் இந்த அருங்காட்சியகமே போதும்.

பெரும்பாலானோர் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வராதவர்கள் ஊரில் பாதியைப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 1761-இல் ஆங்கிலேயர் இந்த நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நிற்கும் வீடுகள் அநேகமாக அதற்குப் பிறகு எழுந்தவை. வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதில், பெரிய கதவு, உள்ளே முற்றம். தெருவுக்கு முதுகைக் காட்டும் வீடுகள். மேற்கே தலைகீழ்: தெருவை ஒட்டித் திண்ணை, அதன் மேல் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், வெயிலில் நடப்பவரும் ஒதுங்கலாம். வைசியாள் வீதியில் கலப்பு வீடுகளைத் தேடுங்கள்: தரைத்தளம் திண்ணையோடு தமிழ்ப் பாணி, மாடியோ வளைவு ஜன்னல்களோடு பிரெஞ்சுப் பாணி. கீழே மட்டும் பார்த்து நடந்தால் இது தெரியவே தெரியாது, அண்ணாந்து பாருங்கள். மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் கேட்காமல் திண்ணையில் ஏறாதீர்கள்.

இங்கிருந்து பெரிய மார்க்கெட் பக்கம் வந்தால் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 முதல் எழுதிய நாட்குறிப்பால் இன்றும் பேசப்படுபவர். முகப்பை வெளியிலிருந்து பார்க்கலாம். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

சித்திரை, வைகாசியில் 12 முதல் 3.30 வரை நடக்கவே கூடாது. சாப்பிட்டுவிட்டு நிழலில் இருந்து, வெயில் தாழ்ந்ததும் மிஷன் வீதிக்கு வாருங்கள். 1791-இல் கட்டி முடித்த மாதா கோயிலுக்கு உள்ளூரில் சம்பா கோயில் என்று பெயர். அப்படிக் கேட்டால்தான் வழி சொல்வார்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவர் இருந்தது இந்த ஊரில்தான்.

ரயிலில் திரும்புபவர்கள் நிலையத்துக்கு அருகிலுள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் திரும்புபவர்கள் மாலை 6 மணிக்கு மீண்டும் கடற்கரைச் சாலைக்கு வரலாம்.