மாடிக்கு இன்னொரு ஹேண்ட்செட்

மாடியில் துணி உலர்த்தும்போதுதான் கீழே லேண்ட்லைன் அடிக்கும். அதற்காகப் புதிதாக லைன் இழுக்க வேண்டாம். கீழே இருப்பது கார்ட்லெஸ் போன் என்றால், அதற்கு ஒரு ஹேண்ட்செட் கூடுதலாக வாங்கினால் போதும். சார்ஜர் செருக ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் சரி. முதலில் முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். அப்புறம் பேஸில் (போன் லைன் செருகியிருக்கும் பெட்டியில்), ஹேண்ட்செட்டைக் காணோம் என்றால் அழுத்துவோமே, பெரும்பாலும் அந்தப் பட்டனைத்தான் சில விநாடி விடாமல் அழுத்த வேண்டும். உடனே புதியதன் மெனுவில் 'ரெஜிஸ்டர்' கொடுங்கள். ரகசிய எண் கேட்டால் பல மாடல்களில் 0000தான்.

வேறு கம்பெனி செட் என்றால் இரண்டிலும் 'ஜிஏபி' (வேறு வேறு கம்பெனி கார்ட்லெஸ் செட்கள் சேர்ந்து இயங்குவதற்கான பொது முறை) வசதி உண்டா என்று பாருங்கள். இருந்தால் பேசலாம், போன்புக் பகிர்வு கிடைக்காமல் போகலாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் டெக்ட் (இந்தக் கார்ட்லெஸ் போன்களின் ரேடியோ முறை) செட் மட்டும் வேண்டாம்: அலைவரிசை அங்கே 1920-1930 மெகாஹெர்ட்ஸ், இங்கே 1880-1900.