கரித்துணிக்குள் என்ன பஞ்சு வைக்கிறீர்கள்?

போன சனிக்கிழமை தையல் பழக வந்த பெண், பையிலிருந்து ஒரு வெள்ளைச் சுருளை எடுத்து என் மடியில் வைத்தாள். "ஆன்ட்டி, தொட்டுப் பாருங்க, தலகாணி மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கு." தொட்டேன். வயிற்றைக் கலக்கியது. 11 வருஷத்துக்கு முன்னால் நான் ஆசை ஆசையாக வாங்கியதும் இதே மாதிரிச் சுருள்தான்.

சிங்கப்பூரில், ஈசூனில் என் வீட்டுக் கூடத்தில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, சூடான சட்டி பிடிக்கிற குவில்ட், அதாவது நடுவே பஞ்சு வைத்துத் தைத்த துணிதான். நம் அடுப்படிப் பேச்சில் சொன்னால் கரித்துணி. 20 செ.மீ. சதுரம், ஒரு மாலையில் முடிந்துவிடும், தீபாவளிக்குப் பரிசாகவும் கொடுக்கலாம். தையல் கோணுவது, மூலை மழுங்குவது எல்லாம் கை பழகினால் தானே சரியாகும். அதை விடுங்கள். உள்ளே வைக்கிற பஞ்சில் தப்பு செய்தால் கை பழகியும் பிரயோஜனமில்லை. இந்தப் பஞ்சுக்குப் பேட்டிங் என்று பெயர். என் வீட்டுக்காரர் இன்னும் அதைக் கிரிக்கெட்டோடுதான் சேர்த்துப் பேசுவார்.

புஸ்ஸென்ற பாலியெஸ்டர்

கடையில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பருத்திப் பேட்டிங் தட்டையாக, மங்கின நிறத்தில், அங்கங்கே விதைத் துணுக்குகளோடு, பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். பாலியெஸ்டர் வெள்ளை வெளேரென்று உப்பியிருக்கும். கை அதன் பக்கம்தான் போகும். இவ்வளவு தடியாக இருக்கிறதே, சூடு எப்படி ஏறும் என்று தோன்றும்.

அந்தத் தடிமன் சும்மா கண்ணுக்குத்தான். பஞ்சில் சூட்டைத் தடுப்பது இழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று. சட்டியைத் தூக்கும்போது இறுக்கிப் பிடிக்கிறோம் அல்லவா? உப்பின பஞ்சு அந்தப் பிடியில் அப்படியே அமுங்கிப் போகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு துண்டை வைத்து நசுக்கிப் பாருங்கள். ஒரு விரலின் நுனி இன்னொன்றுக்குத் தெரிந்தால் அது கரித்துணிக்கு ஆகாது. பருத்தியும் அமுங்கும், ஆனால் கொஞ்சமாவது மிஞ்சும்.

இதைவிடப் பெரிய வினை ஒன்று இருக்கிறது. பருத்தி உருகாது. பழுப்பேறும், கருகும், கருகும் வாசனை முன்கூட்டியே மூக்கில் ஏறும், நாமும் கையை விட்டுவிடுவோம். பாலியெஸ்டர் கிட்டத்தட்ட 250 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். காஸ் அடுப்பில் சும்மா காய்கிற இரும்புத் தோசைக்கல் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை நான். அந்த வருஷத் தீபாவளிக்கு 12 கரித்துணி தைத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். என் நாத்தனார் வீட்டில் அவர் மாமியார் காலத்துக் கல் ஒன்று, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தது. எண்ணெய் ஏறி ஏறிக் கண்ணாடி மாதிரி பழகின கல். காய்ந்து கிடந்ததை என் துணியால் விளிம்பைப் பிடித்து இறக்கியிருக்கிறார். மேல் துணி கருகி, உள்ளே இருந்தது இளகி வழிந்து, கல்லில் காசளவுக்கு ஒரு பளபளப்பான திட்டு. அதைச் சுரண்டி எடுத்ததில் பழக்கமெல்லாம் போய், ஒரு மாதம் தோசை ஒட்டிக்கொண்டே வந்ததாம். நல்லவேளை, கையில் ஒட்டவில்லை. "பரவாயில்ல அண்ணி" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

மீதி 11 துணியையும் திரும்ப வாங்க எம்ஆர்டி ரயிலில் ஜூரோங் வரை வீடு வீடாக அலைந்தேன். ஒரு சித்தி மட்டும் தரவே மாட்டேன் என்று சுவரில் மாட்டிவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. போனால் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காருவேன்.

அதனால் யார் பஞ்சு கொண்டு வந்தாலும் முதல் வேலை கொளுத்திப் பார்ப்பதுதான். அந்தப் பெண்ணையும் சிங்க் பக்கம் கூட்டிப் போனேன். விரல் நகமளவு துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர் வைத்துக்கொண்டு பற்றவைத்தோம். சுருங்கி, சொட்டி, ஆறினதும் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. அப்புறம் என் பருத்தித் துண்டு. காகிதம் எரிகிற வாசனை, விரலில் தேய்த்தால் பொடியாகிற சாம்பல். அவள் அந்த மணியை நகத்தால் தட்டிக்கொண்டே நின்றாள்.

உறையில் 80/20 என்று போட்டிருந்தால் 80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியெஸ்டர். போர்வைக்கு அருமை. கரித்துணிக்கு நான் தொடமாட்டேன்.

பளபளப்பு இருந்தால் போதும் என்பது

இன்சுல்-பிரைட் என்று ஒன்று வருகிறது. நடுவே உலோகப் பூச்சுள்ள மெல்லிய படலம், அதைச் சுற்றிப் பாலியெஸ்டர் இழை. கசக்கினால் சிப்ஸ் பொட்டலம் போலச் சரசரக்கும். இது ஒன்றே போதும் என்று இரண்டு துணிக்கு நடுவே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அந்தப் படலம் வீசுகிற அனலைத் திருப்பி அனுப்பும். நாமோ சட்டியைத் தொட்டுப் பிடிக்கிறோம், அங்கே வேலை செய்வது பருத்தியின் கனம்தான். என் அடுக்கு இது, உள்ளே இருக்கிற பாலியெஸ்டருக்கு இரண்டு பக்கமும் பருத்தி காவல்: துணி, பருத்திப் பேட்டிங், இன்சுல்-பிரைட், பருத்திப் பேட்டிங், துணி. இதற்கு மேல் அடுக்கினால் அட்டை மாதிரி விறைத்து, கைப்பிடியில் மடங்காமல் வழுக்கும். குழம்புச் சட்டியை நழுவவிடுவதற்குக் கை சுடுவதே மேல்.

பருத்திப் பேட்டிங் கிடைக்காவிட்டால் பழைய பருத்தித் துண்டை இரண்டாக மடித்து வையுங்கள். பாட்டி பழைய வேட்டியைத்தானே நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

மைக்ரோவேவ்

அந்தப் படலத்தில் இருப்பது உலோகம். மைக்ரோவேவுக்குள் வைக்காதீர்கள்.

நெருக்கமாகத் தைப்பது

அழகுக்காக ஒரு செ.மீ. இடைவெளியில் கட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு தையலும் பஞ்சை அமுக்கித் துளை போடுகிறது. 4, 5 செ.மீ. விட்டுத் தைத்தால் போதும். நூலும் பருத்தியாக இருக்கட்டும். மேல் துணிக்கு அரபு ஸ்திரீட் போகிறவர்கள் பாத்திக் டிசைனைப் பார்த்து மயங்கவேண்டாம், அதே டிசைன் பாலியெஸ்டரிலும் வரும். பழைய ஜீன்ஸில் வெட்டுவதானால் இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீண்டால் வேண்டாம்.

ஈரம்

ஈரத்துணியால் சூடான சட்டியைத் தொடக்கூடாது. டிசம்பர் மழையில் கழியில் காயப்போட்டது வெளியே உலர்ந்திருக்கும், உள்ளே உலர்ந்திருக்காது. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று தெரியும்.

அந்த வெள்ளைச் சுருளை அவள் வீட்டு சோபாவுக்கு இரண்டு குஷனாக்கிவிட்டோம். மெத்துமெத்துன்னுதான் இருக்கிறது.