இன்ச் டேப்போடு எடுத்த டிக்கெட்

தண்டையார்பேட்டை வீட்டில் பெரியப்பா, அத்தை குடும்பங்கள் கூடியதும் பிள்ளைகள் தீம் பார்க் போயே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். டிக்கெட் போடும் முன் இன்ச் டேப்பை எடுத்தேன். வொண்டர்லா மாதிரி பார்க்குகளில் சிறுவர் கட்டணம் வயதை வைத்தல்ல, உயரத்தை வைத்து. 140 செ.மீ. தாண்டினால் பெரியவர் கணக்கு. ரொம்பக் குட்டிகளுக்கு இலவசம். ஆறாவது படிக்கும் அண்ணன் மகன் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறான். அவனுக்கு முழு டிக்கெட், அதில் அவனுக்குப் பெருமை வேறு! பெரியம்மாவுக்கு மூத்த குடிமக்கள் கட்டணம். ஆதார் கையில் இருக்கணும். செவ்வாய்க்கிழமை போனதால் கூட்டமில்லை, வரிசையில் காத்திருக்காமல் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் செலவு மிச்சம். அப்புறம், சேலையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். அத்தைகளுக்கான நைலான் உடையை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளிலேயே வாங்கிவிட்டோம்.