தோலில் துத்தநாகம், தாமிரம் அளப்பது எப்படி? தொடக்கநிலை விளக்கம்

தோலில் துத்தநாகமும் தாமிரமும் கிராமுக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும். தனிமங்களை அயனிகளாக்கி, நிறைப்படி பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் உலோகத்தைத் தடுப்பதுதான் பெரிய வேலை.

1. மாதிரி

நெறிமுறைக் குழுவின் அனுமதியும், தோல் தருபவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் முதலில் வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரியில் வெட்டி நீக்கும் தோல் பழகுவதற்கு வசதி. தோல் மருத்துவர் 4 மி.மீ. பஞ்ச் பயாப்ஸியும் (வட்ட வடிவ எஃகுக் கத்தியால் எடுக்கும் சிறு தோல் துண்டு) எடுத்துத் தரலாம். ஆனால் பஞ்சின் எஃகிலேயே இரும்பு, குரோமியம், நிக்கல் உண்டு. அவற்றையும் அளப்பதாக இருந்தால், எஃகு பட்ட ஓரங்களைக் குவார்ட்ஸ் கத்தியால் சீவிவிடுங்கள்.

அப்புறம், அவர் அண்மையில் என்ன பூசினார் என்று கேளுங்கள். கலமைன் லோஷனிலும் பல சன்ஸ்கிரீன்களிலும் ஜிங்க் ஆக்ஸைடு இருக்கிறது. சில பொடுகு ஷாம்புகளில் செலினியம் சல்ஃபைடு. இதைக் கேட்க மறந்துவிட்டால் நீங்கள் அளப்பது தோலை இல்லை, மருந்துக்கடையை!

ஃபார்மலினில் போடாதீர்கள், தனிமங்கள் அதில் கசிந்துவிடும். மைனஸ் 80 டிகிரியில் உறைய வையுங்கள்.

2. பாத்திரம்

கண்ணாடி வேண்டாம். டெஃப்ளான் அல்லது பாலிபுரொப்பிலீன் குப்பிகளை 10% நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அதிதூய நீரில் அலசுங்கள்.

3. உலர்த்தல்

தோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதனால் கொழுப்பை நீக்கி, உறைநிலையில் உலர்த்தி, எடை மாறாமல் நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள். மேல்தோலில் துத்தநாகம் உள்தோலைவிடப் பல மடங்கு அதிகம். எந்த அடுக்கு என்று சொல்லாத எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

4. கரைத்தல்

அதிதூய நைட்ரிக் அமிலம், கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்ஸைடு சேர்த்து, ஆய்வக மைக்ரோவேவில் மூடிய கலத்தில் 180 முதல் 200 டிகிரிக்குச் சூடாக்குங்கள். வீட்டு மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள். முதல் முறை அனுபவமுள்ளவர் கூட இருக்கட்டும். கரைந்ததும் அமிலம் 2 முதல் 5% வரும்படி நீர்க்கச் செய்யுங்கள்.

5. அளவீடு

கருவிக்குள் ஓடும் ஆர்கான் வாயுவும் ஆக்சிஜனும் சேர்ந்தால் நிறை 40+16=56; இரும்பின் முக்கிய ஐசோடோப்பும் 56. இரண்டும் குழம்பாமல் இருக்க, இப்படிச் சேர்ந்த அயனிகளை ஹீலியத்தோடு மோதவிட்டு வடிகட்டும் மோதல் கலத்தைப் போடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் தோல் போடாத வெற்று மாதிரிகள் சில, கூடவே தனிம அளவுகள் ஏற்கெனவே சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் ஒன்று, உதாரணமாக மாட்டு ஈரலான எஸ்ஆர்எம் 1577சி. ஈரல் சரியாக வந்து, வெற்று மாதிரியில் துத்தநாகம் மட்டும் ஏறியிருந்தால் முதலில் கையுறையைச் சந்தேகப்படுங்கள்.